வாசகர் கேள்வி பதில்: கேட்பவருக்கும் ஒரு வேலை கொடுங்கள்

இந்த இதழுக்குத் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களுள் பல, வெவ்வேறு தொழில் செய்பவர்கள் எழுதியவையாயினும், ஒரே சிக்கலைப் பற்றியவை. சபை முன் நின்று ஒன்றை எடுத்து விளக்கும்போது, கேட்பவர்களின் கவனத்தை இறுதிவரை எப்படி வைத்திருப்பது என்று அவை கேட்கின்றன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: இறுதியாண்டு ஆய்வை முன்வைக்க எனக்கு 15 நிமிடம் தந்திருக்கிறார்கள். கடலோரக் கிணறுகளில் உவர்நீர் கலப்பது என்பது தலைப்பு. 28 சிலைட்டுகள் தயாரித்து நண்பர்கள் முன் ஒத்திகை பார்த்தபோது, ஐந்தாறு நிமிடத்துக்குள் அவர்கள் கைத்தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். குரலை ஏற்றி இறக்கிப் பேசிப் பார்த்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?
(பல்கலைக்கழக மாணவி, நிலாவெளி)

பதில்: உங்கள் குரலில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, கேட்பவர்கள் மேல் நீங்கள் ஏற்றியிருக்கும் சுமைதான் அதிகம். 28 சிலைட்டுகளை 15 நிமிடத்தில் காட்டுவதென்றால் ஒன்றுக்கு ஏறத்தாழ அரை நிமிடமே கிடைக்கிறது. அதற்குள் அவர்கள் திரையிலுள்ள வாக்கியங்களை வாசிக்க வேண்டும், நீங்கள் பேசுவதையும் கேட்க வேண்டும். வாசிப்பின் வேகமும் பேச்சின் வேகமும் ஒன்றல்ல என்பதால் ஒன்றை மற்றொன்று இடறுகிறது. சற்று நேரத்தில் களைத்துப்போய் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு அதன் விளக்கத்தைக் காதால் மட்டும் கேட்டவர்கள், அதே விளக்கம் எழுத்தாகவும் திரையில் வரக் கண்டவர்களைவிடப் பாடத்தை நன்றாக விளங்கிக்கொண்டார்கள். ஆகையால் வாயால் சொல்லப்போகும் வாக்கியத்தைத் திரையில் எழுதாதீர்கள். ஒரு படம், ஒரு வரைபு, ஓர் எண், ஓர் இடத்தின் பெயர் என்பவை போதும்.

சுமையைக் குறைப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, கேட்பவர்களுக்கு ஒரு வேலையைக் கொடுப்பது. உங்கள் முதல் சில சிலைட்டுகளில் தலைப்பு, உள்ளடக்கம், அறிமுகம், நோக்கங்கள், முன்னைய ஆய்வுகள் என்ற ஒழுங்கு இருக்கும் என்று ஊகிக்கிறேன். அது அறிக்கைக்கு உரிய ஒழுங்கு. அறிக்கையை வாசிப்பவர் தமக்கு வேண்டாத பக்கத்தைத் தள்ளிவிட்டு வேண்டிய பக்கத்துக்குப் போகலாம். சபையில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. தாம் எதற்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தொடக்கத்திலேயே தெரிய வேண்டும். விடை தெரியாத ஒரு கேள்வி மனத்தில் விழுந்துவிட்டால், அந்த விடையைத் தேடியே மனம் பேச்சைப் பின்தொடரும்.

உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரே ஒரு படத்தைக் காட்டுங்கள். கரையோர மணலுக்குள் இறங்கிய மழைநீர், தன்னைவிட அடர்த்தியான உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கரையோரக் கிணறுகளில் அள்ளுவது அந்த மிதக்கும் நன்னீரைத்தான். இவ்வளவையும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: "தண்ணீரை இடைவிடாது இறைத்ததனால் நன்னீரின் மேல்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கி அப்படியே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடியிலுள்ள உவர்நீர் நாளடைவில் எவ்வளவு மேலே ஏறும்? 10 சென்ரிமீற்றரா, 40 சென்ரிமீற்றரா, 4 மீற்றரா?" ஒவ்வொன்றுக்கும் கை உயர்த்தச் சொல்லுங்கள். எல்லோரும் ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்யும்வரை மேலே போகாதீர்கள். நன்னீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால் கடல்நீரினது ஏறத்தாழ 1.025. இதனால் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் ஒவ்வொரு மீற்றர் நன்னீருக்கும் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது கைபென், ஹேர்ட்ஸ்பேர்க் ஆகியோரின் பெயரால் வழங்கும் விதி; துறை மாணவியாகிய உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே விடை 4 மீற்றர். தவறாக ஊகித்தவர் அது ஏன் தவறிற்று என்று அறிய விரும்புவார். சரியாக ஊகித்தவர் தாம் நினைத்த காரணம் சரிதானா என்று பார்க்க விரும்புவார். நீங்கள் அளந்த கிணறுகளின் உவர்த்தன்மை இப்போது இருசாராருக்கும் வேண்டிய செய்தியாகிவிடுகிறது. அதுவரை அது உங்களுக்கு மட்டுமே வேண்டியதாக இருந்தது.

வரைபைக் காட்டும் முறையிலும் இதே கவனம் வேண்டும். சுவீடன் நாட்டு மருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2006இல் உலக நாடுகளின் பிறப்பு வீதத்தையும் ஆயுட்காலத்தையும் பற்றி நிகழ்த்திய உரை இதற்கு நல்ல முன்மாதிரி. கிடை அச்சு எதைக் குறிக்கிறது, நிலைக்குத்து அச்சு எதைக் குறிக்கிறது, ஒவ்வொரு குமிழும் எது என்பவற்றை முதலில் நிதானமாக விளக்கிவிட்டே, 1962இலிருந்து குமிழ்களை நகரவிட்டார். வரைபு திரைக்கு வந்த கணத்திலேயே முடிவைச் சொல்லத் தொடங்கினால், சபை இன்னும் அச்சுகளை வாசித்துக்கொண்டிருக்கும். உங்கள் முடிவு அவர்கள் காதில் விழாது. அச்சுகளை விளக்கிய பின், "கடலிலிருந்து தூரம் கூடக்கூட இந்தக் கோடு எப்படிப் போகும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் கோட்டைக் காட்டுங்கள்.

சிலைட்டுகளை 8 அளவில் நிறுத்துங்கள். மற்ற 20ஐயும் அழிக்க வேண்டாம். கடைசி சிலைட்டுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். பரீட்சகர் மாதிரி எடுத்த முறையையோ புள்ளிவிபர அட்டவணையையோ கேட்கும்போது அவற்றைத் திறந்து காட்டினால், நீங்கள் ஆயத்தத்தோடு வந்திருப்பதை அவர் காண்பார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பவர்பொயின்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது விசைப்பலகையில் ஆங்கில எழுத்து 'பி'யை அழுத்தினால் திரை கறுத்துவிடும். மீண்டும் அழுத்தினால் திரும்பி வரும். முக்கியமானதைச் சொல்லும் இடத்தில் திரையைக் கறுக்கவிட்டுப் பேசுங்கள். பார்ப்பதற்கு வேறெதுவும் இல்லாதபோது சபை உங்களைப் பார்க்கும்.

கேள்வி: பேச்சின் தாக்கத்தில் சொற்களின் பங்கு 7 வீதம் மட்டுமே, குரலின் பங்கு 38 வீதம், உடல்மொழியின் பங்கு 55 வீதம் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் உள்ளடக்கத்துக்காக இவ்வளவு உழைப்பது வீண்தானா?
(வங்கி உத்தியோகத்தர், உப்புவெளி)

பதில்: வீண் அல்ல. அந்த எண்கள் அமெரிக்க உளவியலாளர் அல்பேர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு சோதனைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் எவரும் மேடையில் பேசவில்லை. ஒலிப்பதிவில் ஒலித்த தனிச்சொற்களையும் முகப் படங்களையும் கொண்டு, பேசுபவருக்கு எதிரிலிருப்பவர் மேல் விருப்பா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னார்கள். சொல் ஒன்றும் குரல் வேறொன்றும் காட்டும்போது மனிதர் எதை நம்புகிறார்கள் என்பதே அங்கு ஆராயப்பட்டது. உணர்ச்சிகளையும் மனப்பாங்கையும் பற்றிய பேச்சுக்கு அப்பால் இந்தக் கணக்கு பொருந்தாது என்று அவரே பின்னர் விளக்கியிருக்கிறார். கடன் வட்டியைப் பற்றி வாடிக்கையாளருக்கு விளக்கும் உங்களுக்கு, சொற்கள்தாம் முழு வேலையையும் செய்கின்றன. உடலைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் கவனியுங்கள்: திரையைப் பார்த்து வாசித்துக்கொண்டு சபைக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். ஒரு வாக்கியத்தை ஒருவருடைய முகத்தைப் பார்த்து முடித்துவிட்டு, அடுத்ததை மண்டபத்தின் வேறொரு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தொடங்குங்கள். அது போதும்.

கேள்வி: பொதுச் சுகாதாரக் களப்பணியில் இருக்கிறேன். மாதர் சங்கக் கூட்டங்களில் டெங்கு பற்றி விளக்கும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அடுத்த வாரம் வீட்டைப் பார்க்கப் போனால் அதே பூச்சாடித் தட்டில் அதே தண்ணீர் நிற்கிறது. என் பேச்சு அவர்கள் மனத்தில் ஏறவில்லையா?
(கிண்ணியா)

பதில்: ஏறவில்லை என்பதைவிட, ஏற்கனவே ஏறியிருப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள் என்பதே சரி. டெங்கு பற்றிய அறிவித்தலை வானொலியிலும் பாடசாலையிலும் வைத்தியசாலைச் சுவரிலும் பலமுறை கேட்டும் பார்த்தும் இருப்பவர், உங்கள் முதல் வாக்கியத்திலேயே மீதியை ஊகித்துவிடுகிறார். தெரிந்ததைக் கேட்கும் காது உறங்கிவிடுகிறது. தலை மட்டும் மரியாதைக்காக அசைகிறது. அவர்களுக்குத் தெரியும் என்று அவர்கள் நினைக்கும் இடத்துக்கு ஓரடி அப்பால் இருந்து நீங்கள் தொடங்க வேண்டும்.

அதற்கு நல்ல வழி, பொருளையே கொண்டுபோவது. அதே கிராமத்தில் எடுத்த தண்ணீரை ஒரு தெளிவான கண்ணாடிப் போத்தலில் குடம்பிகளோடு நிரப்பி, இறுக மூடி, கைக்குக் கை மாற்றிப் பார்க்கக் கொடுங்கள். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதையும், குடம்பிகள் தலைகீழாகத் தொங்கி வால்முனைக் குழாயால் மேற்பரப்பில் காற்றெடுப்பதையும், நிழல் பட்டதும் அடிக்கு இறங்குவதையும் அவர்களே காணட்டும். பிறகு கேளுங்கள்: "இந்தத் தண்ணீரை இப்போதே மணலில் ஊற்றிவிட்டால் இந்தப் பாத்திரம் பாதுகாப்பானதா?" ஆம் என்று பலர் சொல்வார்கள். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தன் முட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது என்பதையும், அவை பல மாதங்கள் காய்ந்து கிடந்து, மீண்டும் தண்ணீர் பட்டதும் பொரிக்கக்கூடியவை என்பதையும் அப்போது சொல்லுங்கள். வெறுமனே ஊற்றினால் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது அவர்கள் தாமே வந்து சேர்ந்த முடிவாக இருக்கும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பு உருவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் எடுக்கும் என்று சேர்த்துச் சொன்னால், ஏன் வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பதற்கும் தனி விளக்கம் வேண்டியதில்லை.

கையில் இருக்கும் ஒரு பொருள் எவ்வளவு வலிமையானது என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 1986இல் சலெஞ்சர் விண்ணோடம் வெடித்ததை ஆராய்ந்த குழுவின் பகிரங்க விசாரணையில், பௌதிகவியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் விண்ணோடத்தின் ஏவுகணை மூட்டுகளில் பயன்பட்ட இறப்பர் வளையத்தின் ஒரு துண்டைக் கவ்வியால் இறுக்கி, தம்முன் இருந்த பனிக்கட்டித் தண்ணீர்க் குவளைக்குள் இட்டார். வெளியே எடுத்துக் கவ்வியைத் தளர்த்தியபோது, குளிர்ந்த இறப்பர் உடனே தன் பழைய வடிவத்துக்கு மீளாததை எல்லோரும் கண்டார்கள். ஏவப்பட்ட காலையின் கடுங்குளிருக்கும் விபத்துக்கும் இருந்த தொடர்பு, அங்கு பேசப்பட்ட நீண்ட தொழில்நுட்ப விளக்கங்களைவிட அந்தக் குவளையால் தெளிவாயிற்று. உங்கள் போத்தலும் அந்த வேலையைச் செய்யும்.

கூட்டம் முடிவதற்கு முன், ஒவ்வொருவரும் தம் வளவில் தண்ணீர் தேங்கும் ஓர் இடத்தைப் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லட்டும்; அதைக் கழுவப்போகும் கிழமையையும் சொல்லட்டும். பொதுவான அறிவுரை எவருடைய வீட்டையும் சேராது. தம் வாயால் பெயர் குறித்துச் சொன்ன தட்டு நினைவில் நிற்கும். வாடை மழை தொடங்கும் ஒக்ரோபருக்கு முன்னரே இதைச் செய்து முடிப்பது நல்லது.

கேள்வி: உயர்தர மாணவர்களுக்கான கருத்தரங்குகளில் பௌதிகவியல் கற்பிக்கிறேன். ஒரே மண்டபத்தில் 200 பேருக்கு மேல் இருப்பார்கள். நேரம் மதிய உணவுக்குப் பின் 2 மணியிலிருந்து 5 மணி வரை. மனிதரின் கவனம் 15 நிமிடத்துக்கு மேல் நிற்காது என்று படித்தேன். அப்படியானால் மூன்று மணி நேரத்தை என்ன செய்வது?
(ஆசிரியர், மூதூர்)

பதில்: 15 நிமிடம் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். கேரன் வில்சன், ஜேம்ஸ் கோன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் அந்தக் கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகளைத் திரும்பப் பரிசோதித்து, அதற்கு உறுதியான அடிப்படை இல்லை என்று எழுதினார்கள். திருவிழா இரவில் விடியும்வரை கூத்துப் பார்ப்பவர்களும் மனிதர்கள்தாம். கவனம் மணிக்கூட்டைப் பார்த்து அணைவதில்லை. செய்வதற்கு எதுவும் இல்லாதபோது அணைகிறது.

ஆயினும் மண்டபத்தின் நிலைமையை முதலில் சரிசெய்யுங்கள், ஏனெனில் கச்சான் காற்று வீசும் மாதங்களின் பிற்பகல் வெப்பத்தில் எந்தக் கற்பித்தல் முறையும் தனியாக வெல்லாது. யன்னல்களை எல்லாம் திறந்து வையுங்கள். முன்வரிசைகளை நிரப்பிய பின்பே பின்வரிசைகளில் இருத்துங்கள். மின்விசிறிகளின் இரைச்சலுக்கு மேலாகக் கத்தாமல் ஒலிவாங்கியைப் பயன்படுத்துங்கள். கடைசிக் கதிரையில் நீங்களே ஒரு முறை இருந்து கரும்பலகை தெரிகிறதா என்று பாருங்கள். கரும்பலகையைக் காணாத பிள்ளையின் கவனத்தைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

இனி முறைக்கு வருவோம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பிக்கும் எரிக் மசூர், 1990களின் தொடக்கத்தில் ஒன்றைக் கவனித்தார். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளைச் செய்தார்கள், விரிவுரையையும் பாராட்டினார்கள். ஆனால் அடிப்படையான ஓர் எண்ணக்கருவைச் சாதாரணச் சொற்களில் கேட்டபோது தடுமாறினார்கள். அதன் பின் அவர் தம் விரிவுரையைக் கேள்விகளாக மாற்றி அமைத்தார். சிறிது நேரம் விளக்கிவிட்டு ஒரு பல்தேர்வு வினாவைக் கேட்பார். ஒவ்வொருவரும் தனியே யோசித்து விடையைக் காட்ட வேண்டும். ஏறத்தாழ 30 முதல் 70 வீதத்தினர் சரியாகச் சொன்னால், பக்கத்திலிருப்பவரோடு விவாதித்து அவரைத் தம் விடைக்கு இணங்க வைக்கும்படி சொல்வார். பிறகு மீண்டும் விடை கேட்பார். அதைவிடக் குறைவானோர் சரியாகச் சொன்னால் விடயத்தைத் திரும்ப விளக்குவார். கூடுதலானோர் சொன்னால் சுருக்கமாகக் காரணத்தைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவார்.

நம் பிள்ளைகளுக்கு ஏற்ற ஒரு வினாவைத் தருகிறேன். கந்தளாய்க் குளத்தில் ஒரு தோணி மிதக்கிறது. அதற்குள் ஓர் இரும்பு நங்கூரம் இருக்கிறது. நங்கூரத்தைத் தூக்கித் தண்ணீருக்குள் போட்டால் அது அடியில் போய்த் தங்குகிறது. குளத்தின் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, மாறாமல் இருக்குமா? மாற்றம் எவ்வளவு நுண்மையானதாக இருந்தாலும் திசையைச் சொல்ல வேண்டும். ஆர்க்கிமிடீசின் தத்துவத்தை மனப்பாடமாக ஒப்புவிக்கும் பிள்ளைகளும் இங்கே மூன்றாகப் பிரிவார்கள். தோணிக்குள் இருக்கும்போது நங்கூரம் தன் நிறைக்குச் சமமான தண்ணீரை இடம்பெயர்க்கிறது. அடியில் கிடக்கும்போது தன் கனவளவுக்குச் சமமான தண்ணீரை மட்டுமே இடம்பெயர்க்கிறது. இரும்பு தண்ணீரைவிட அடர்த்தியானது என்பதால் மட்டம் இறங்கும். இந்த விடையை நீங்கள் சொல்வதற்கு முன் 200 பிள்ளைகள் இரண்டு நிமிடம் தம்முள் வாதாடட்டும். மண்டபம் சந்தையைப்போல இரையும். அந்த இரைச்சலுக்கு அஞ்ச வேண்டாம்; அங்கே உறங்குபவர் எவரும் இருக்க மாட்டார்.

இப்படிச் செய்தால் பாடத்திட்டம் முடியாதே என்று நீங்கள் எண்ணலாம். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன், ஏனெனில் பெற்றோரும் ஒழுங்கமைப்பாளரும் எத்தனை அலகுகள் முடிந்தன என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் விஞ்ஞான, பொறியியல், கணிதப் பாடங்களில் செய்யப்பட்ட 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, வெறும் விரிவுரை கேட்ட வகுப்புகளில் சராசரியாக 33.8 வீதத்தினரும், மாணவர் தாமே ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8 வீதத்தினரும் சித்தியடையத் தவறியதாகக் காட்டியது. ஆசிரியர் முடித்த அலகுகளின் எண்ணிக்கையும் பிள்ளை விளங்கிக்கொண்டவற்றின் எண்ணிக்கையும் வேறு வேறு. மூன்று மணி நேரத்துக்கு ஆறு நல்ல வினாக்களைத் தெரிந்துகொண்டு, ஒவ்வொன்றைச் சுற்றியும் அதற்குரிய கோட்பாட்டையும் கடந்த கால வினாத்தாளின் ஒரு கணக்கையும் அமையுங்கள். மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுந்து வெளியே நடந்து தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: அலுவலகக் கூட்டங்களில் தமிழ் மட்டும் தெரிந்தோரும் சிங்களம் மட்டும் தெரிந்தோரும் கலந்து இருக்கிறார்கள். நான் தமிழில் பேச இன்னொருவர் சிங்களத்தில் சொல்கிறார். ஒரு பகுதியினர் கேட்கும்போது மறுபகுதியினர் தமக்குள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.
(அரச உத்தியோகத்தர், திருகோணமலை நகர்)

பதில்: மூன்று மொழிகளும் மூவினத்தாரும் புழங்கும் நம் மாவட்டத்தில் இது அன்றாடச் சிக்கல், இதற்குத் தனி ஆயத்தம் வேண்டும். ஒவ்வொன்றும் இரு முறை சொல்லப்படுவதால் உங்களுக்குத் தந்த 20 நிமிடத்தில் உண்மையில் உங்களுக்குரியது 10 நிமிடமே. உள்ளடக்கத்தை அதற்கேற்ப முன்கூட்டியே பாதியாகக் குறையுங்கள். ஐந்து நிமிடம் பேசிவிட்டு மொழிபெயர்ப்பாளருக்கு வழிவிடாமல், இரண்டு மூன்று வாக்கியங்களோடு நிறுத்துங்கள். காத்திருக்கும் நேரம் குறுகியதானால் பக்கப் பேச்சு எழ இடமில்லை. மொழிபெயர்ப்பாளர் பேசும்போது உங்கள் குறிப்புகளைப் புரட்டாமல் சிங்களத்தில் கேட்பவர்களைப் பாருங்கள், அவர்களிடம் பேசுபவர் நீங்கள்தான் என்பதால். முதலாவது கடிதத்துக்கு நான் சொன்னதற்கு இங்கே ஒரு விலக்கு உண்டு: மொழி முழுவதும் வசப்படாதவருக்குத் திரையிலுள்ள எழுத்து உதவும். ஆகவே படத்தின் பெயர்களையும் முக்கிய எண்களையும் இரு மொழியிலும் எழுதுங்கள். பகுதிக்குப் பகுதி எந்த மொழி முதலில் வருகிறது என்பதை மாற்றுங்கள்; எப்போதும் இரண்டாவதாகவே கேட்கும் பகுதியினர் தம்மை விருந்தினராக உணர்ந்து விலகிவிடுகிறார்கள். கேட்பவர்களை விவாதிக்கச் சொல்லும்போது, இரு மொழியும் தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு குழுவிலும் இருக்கும்படி அமர்த்துங்கள்.

கேள்வி: எங்கள் கமக்காரர் அமைப்பில் சிறுபோக நீர்ப் பங்கீட்டைப் பற்றி இருவர் சேர்ந்து விளக்க வேண்டியிருக்கிறது. எப்படிப் பிரித்துக்கொள்வது?
(தம்பலகாமம்)

பதில்: முதற்பாதி ஒருவருக்கு, பிற்பாதி மற்றவருக்கு என்று பிரிக்காதீர்கள். வில்லுப்பாட்டில் கதை சொல்பவரின் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். சபையில் இருப்பவர் கேட்க நினைப்பதை அவர் கேட்கிறார், மறுக்கிறார், "அதெப்படி?" என்று இடைமறிக்கிறார். உங்களில் ஒருவர் திட்டத்தை விளக்கட்டும், மற்றவர் வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருப்பவரின் இடத்தில் நின்று, "மேல்வயல்காரர் நிரப்பிய பிறகு எனக்கு எத்தனை நாள் மிஞ்சும்?" என்று கேட்கட்டும். கேள்விகள் உண்மையானவையாக இருக்க வேண்டும்; கடினமானவற்றையும் விடக்கூடாது. முன்பே எழுதி மனப்பாடம் செய்த புகழுரைகளைக் கேள்வியாக்கினால் கமக்காரர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் யார் பேசினாலும் இறுதியில் "கேள்விகள் இருந்தால் கேட்கலாம்" என்றதும் மௌனம். பிறகு நன்றியுரை. இதை எப்படி மாற்றுவது?
(திருகோணமலை நகர்)

பதில்: அந்த மௌனத்தை நாம் போதிய நேரம் பொறுப்பதில்லை. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் றோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருந்ததைக் கண்டார். அதை மூன்று விநாடியாக்கியபோதே விடைகள் நீண்டன; அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பெரியவர்களுக்கு, அதுவும் மூத்தவர்கள் முன்னிலையில் பேசக் கூசும் நம் சபைகளுக்கு, அதைவிடக் கூடுதலாக வேண்டும். ஆகவே, "கேட்ட கருத்துகளில் உங்களுக்கு ஒப்பாத ஒன்றைப் பக்கத்திலிருப்பவரிடம் ஒரு நிமிடம் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு நிமிடத்தை முழுமையாகக் கொடுங்கள். தனியாகக் கை உயர்த்த அஞ்சுபவர், "நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது" என்று தொடங்கத் தயங்க மாட்டார். இளையவர் ஒருவரிடம் முதற்கேள்வியைக் கேளுங்கள். தலைவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அவருக்கு உடன்பட்டுப் பேசுவதோடு நின்றுவிடுவார்கள்.

கேள்வி நேரத்தை இறுதியில் வைக்கவும் வேண்டாம். நேரத்தின் முக்கால் பங்கு கழிந்ததும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, கடைசி இரண்டு நிமிடத்தைப் பேச்சாளரிடமே விடுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் எழுந்த கேள்விகளுக்கு ஏற்பத் தம் முடிவைத் திருத்தியோ உறுதிப்படுத்தியோ சொல்லலாம். 'நன்றி' என்று பெரிதாக எழுதிய சிலைட்டுக்குப் பதிலாக, விவாதத்துக்கு வேண்டிய வரைபடமோ செய்யுளடியோ அந்த நேரம் முழுவதும் திரையில் இருக்கட்டும். கேள்வி கேட்பவர் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.